கூடுதலாக இருபது கஜம்

தனம் நிமிர்ந்தார். அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது.

அதற்கு முந்தைய நொடிவரை, வரிசையில் இருந்த மற்றப் பெண்களைப் போல அவரும் இடுப்பை மடித்துக் குனிந்து வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். இடது கையில் பிடுங்கிய செடிகள், வலது கை அடுத்த செடியின் தூரில். பக்கத்து மைதானத்தின் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நீளமான, பதற்றமான ஆண் குரல். தனம் நிமிர்ந்து, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

பந்து அவருடைய இடது கன்னத்து எலும்பில் விழுந்தது.

இளநீர்க் காய் ஒன்று ஈர மண்ணில் விழுந்தது போன்ற சத்தம். பெரிய சத்தமில்லை. தனம் விழவில்லை, மெதுவாக உட்கார்ந்தார். இடது கையில் இருந்த செடிகளை விடவில்லை. அவற்றின் வேரிலிருந்து மண் உதிர்ந்து சேலையில் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது.

நான் வரப்பில் தேநீர்த் தூக்குடன் நின்றிருந்தேன். என் அக்காவின் கணவர், நாங்கள் பாவா என்று கூப்பிடுகிறவர், நிலத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் அசையாமல் நின்றார்கள். ஒருவர் கையில் மட்டை இன்னும் தோளுக்கு மேல் இருந்தது. அடித்து முடித்த பிறகு அப்படி நிற்பது அழகு என்று அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை மாலைக்குள் ஒரே வாக்கியத்தை நான் பல வாய்களிலிருந்து கேட்டேன். "நாங்க கத்தினோமே சார்."

கத்தினார்கள். அதை மறுக்க மாட்டேன். அந்தக் கத்தலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

நான்கு வரிச் செய்தி

சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்தேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். திருத்தணியில் ஏறி, அரக்கோணம், மணவூர், திருவள்ளூர் என்று மின்சார ரயிலின் மரபெஞ்சு காலத்திலிருந்து போய்வந்தவன். கிரிக்கெட்டுக்கு இடம் ஒதுக்கியபின் மிஞ்சுகிற மூலைகளில் மற்ற ஆட்டங்களை அடைப்பது என் பொறுப்பு. கோல்ஃப் அவற்றில் ஒன்று.

வெளிநாட்டிலிருந்து வரும் நீண்ட செய்தியை நான்கு வரியாகச் சுருக்குவேன். எதை வெட்டினாலும் தூரத்தை வெட்ட மாட்டேன். இத்தனை கஜம் அடித்தார் என்று ஒரு எண் இருந்தால் வாசகர் நிற்பார். அந்த ஆட்டத்தின் மட்டையை நான் கையால் தொட்டதில்லை. மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை.

ஒருமுறை பக்க ஆசிரியர் என் நான்கு வரியைப் படித்துவிட்டு, "இவ்ளோ தூரம் அடிச்சா பந்து எங்கய்யா போய் விழும்?" என்றார்.

"புல்லுலதான் சார்," என்றேன். அவர் சிரித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார். நாங்கள் அந்தக் கேள்விக்கு அதற்குமேல் நேரம் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் பந்து எங்கேயும் விழுவதில்லை. அது போய்க்கொண்டே இருக்கும்.

ஓய்வுபெற்று ஊரோடு வந்தபின், பள்ளிப்பட்டுச் சாலையில் எங்கள் குடும்ப நிலத்துக்கு அடுத்த நிலம் மனைப்பிரிவானது. வாரக் கடைசிக்கு வந்து தங்குகிற சென்னைக்காரர்களுக்கான வீடுகள். அவர்களுடைய பொழுதுபோக்குக்கு ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானம். ஒரு முனையில் நின்று வரிசையாக அடிப்பார்கள். பந்து நீளப் புல்வெளியில் போய் விழும். மறுமுனையில் கம்பம் நட்டு வலை. வலைக்கு இந்தப் பக்கம் வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் வேர்க்கடலை.

பக்கத்து நிலத்துக்காரர் என்பதால் திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்தார்கள். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பந்தை அடித்துப் பார்த்தார். அது பக்கவாட்டில் ஓடி எலுமிச்சைச் சாறு வைத்திருந்த மேசைக்கடியில் புகுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். முதல் வருஷம் பெரிய பகையொன்றும் இல்லை. அடித்தவர்களில் யாருடைய பந்தும் வலையை எட்டவில்லை.

தக்காளிப் பிடி

பிறகு பிரதீப் வந்தார்.

முப்பதை எட்டாத வயது. சென்னையில் பெரிய மைதானங்களில் பயிற்சி பெற்றவர். மைதானத்தின் செயலாளர் அவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, வாயிலில் ஒரு பலகை வைத்தார்: கூடுதல் தூரத்துக்கான சிறப்பு வகுப்பு. நான் பழைய தொழில்காரன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அனுமதி கேட்டுப் பல காலைகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

இதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது: பிரதீப் நல்ல ஆசிரியர். ரமேஷ் என்று ஒரு மாணவர், சென்னையில் மருந்துக் கடைகள் வைத்திருப்பவர், பருத்த தோள்காரர், பந்தைக் கொல்லுகிற ஆத்திரத்தோடு அடிப்பார். பந்து பாதி தூரத்தில் விழுந்துவிடும்.

"சார், பலமா அடிக்கணும்னு நெனைக்காதீங்க," என்றார் பிரதீப். "அப்படி நெனைச்சா கைதான் முந்திக்கும். கை கடைசியா வரணும்."

"அப்போ பலம் எங்கருந்து வரும்?"

"தரையிலருந்து சார்."

முதலில் நிற்கிற விதத்தை மாற்றினார். கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைக்கச் சொன்னார். பந்தை நடுவிலிருந்து நகர்த்தி இடது குதிகாலுக்கு நேராகக் கொண்டுபோனார். பந்து உட்காரும் சிறு முளையை உயர்த்தினார். இடது தோள் மேலே, வலது தோள் கீழே. இப்படி நின்றால் மட்டை கீழ்நோக்கி வெட்டாமல், மேலே ஏறத் தொடங்குகிற கணத்தில் பந்தைச் சந்திக்கும். பந்து உயர எழுந்து நெடுந்தூரம் மிதக்கும்.

அடுத்து, பிடி. "பழுத்த தக்காளிய புடிக்கிற மாதிரி புடிங்க. நசுங்கக் கூடாது, விழவும் கூடாது." இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், பூட்டிய மணிக்கட்டில் வேகம் பிறக்காது.

அடுத்து, முறுக்கு. மட்டையைப் பின்னால் தூக்கும்போது முதுகு முழுவதும் இலக்கைப் பார்க்கும்வரை தோளைத் திருப்ப வேண்டும். வயதானவர்களுக்கு இடது குதிகால் எழும்பினால் எழும்பட்டும். திரும்பி வரும்போது தோள் அவசரப்படக் கூடாது. முதலில் இடது கால் தரையை மிதிக்கும், இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு கை, எல்லாவற்றுக்கும் பிறகு மட்டை.

ஒரு பயிற்சி எனக்குப் பிடித்தது. மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காற்றில் வீசச் சொல்வார். 'விஷ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பந்து இருக்கும் இடத்துக்கு முன்பே வந்தால் பலத்தை வழியிலேயே கொட்டிவிட்டோம் என்று பொருள். பந்தைத் தாண்டியபின் உரக்கக் கேட்க வேண்டும். ரமேஷ் ஒரு வாரம் காற்றில் வீசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலை, அவருடைய மட்டை சுத்தமாகப் பந்தில் பட்டது. பந்து ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, வலையின் மேல் கயிற்றுக்கு மேலே போனது.

"இருபது கஜம் கூடிடுச்சு சார்!" என்றார் பிரதீப். ரமேஷ் அவரைக் கட்டிப் பிடித்தார். நானும் எழுந்து நின்று பார்த்தேன். அழகான அடிதான்.

அந்த இருபது கஜம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. வலை இருந்த இடத்தில்தான் இருந்தது. புல்வெளி ஒரு அடிகூட நீளவில்லை.

இந்தப் பக்கத்துக் கணக்கு

பாவா அந்த வகுப்புக்குப் போனதே இல்லை. ஆனால் பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் வரப்போரப் பனை மரத்தடியில் பந்து கிடந்தது. பிறகு முதல் உழவுசால்களில். பிறகு நிலத்தின் நடுவே, வேப்பமரத்துக்குக் கிட்டே.

"மச்சான், இன்னிக்கு இன்னா சொல்லிக்குடுத்தாரு?" என்று என்னைக் கேட்பார். "நேத்து விட ரெண்டு சால் தாண்டி வந்து விழுவுது."

உரச்சாக்கில் பந்துகளைச் சேர்த்து வாயில் காவலரிடம் கொடுத்துவிட்டு வருவார். அவர்கள் நன்றி சொல்வார்கள். அப்போதும் அவருக்குக் கோபமில்லை. களையெடுப்பு முடிந்திருந்தது, நிலத்தில் ஆள் இல்லை. கடலை பிடுங்குகிற நாள் நெருங்கும்போதுதான் பயந்தார்.

அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே என்னையும் அழைத்துக்கொண்டு செயலாளரைப் பார்க்கப் போனார். நாளைச் சொன்னார். பெண்கள் வருவார்கள், நான்கைந்து காலைகள் வேலை இருக்கும் என்றார். செயலாளர் தொலைபேசியில் குறித்துக்கொண்டார்.

"கவலையே படாதீங்க. வலையத் தாண்டுற மாதிரி பந்து போனா மெம்பர்ஸ் சத்தமா கத்துவாங்க. உலகம் பூரா அதான் ரூல்."

எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏற்பாடு அதுதான். நானும் அதைக் கேட்டுத் தலையசைத்தேன். கத்தினால் என்ன நடக்கும் என்று அந்த அறையில் இருந்த யாரும், பாவாவும்கூட, யோசித்துப் பார்க்கவில்லை.

வயலில் குரல் கேட்டால்

கோல்ஃப் மைதானத்தில் அந்தக் கத்தலைக் கேட்டால் ஆட்டக்காரர்கள் செய்வது ஒன்றுதான். குனிவார்கள். இரண்டு கைகளாலும் தலையை மூடுவார்கள். யார் கத்தியது என்று பார்க்க மாட்டார்கள். அது அவர்களுக்குப் பழகிய உடம்புப் பழக்கம்.

எங்கள் பக்கத்து வயல்களில் குரல் என்றால் கூப்பிடுவது. பாம்பைப் பார்த்தால் கூப்பிடுவார்கள். தேநீர் வந்தால் கூப்பிடுவார்கள். பள்ளிப்பட்டு பஸ் முன்கூட்டியே வந்துவிட்டது என்று சாலையிலிருந்து கூப்பிடுவார்கள். யாரோ ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிடுவார். குனிந்து வேலை செய்கிற வரிசைக்குத் தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தால், வரிசை நிமிரும். கூப்பிட்டது யார், யாரை என்று முகத்தைத் திருப்பிப் பார்க்கும். குரலில் பதற்றம் இருந்தால் இன்னும் வேகமாக நிமிரும், தன் வீட்டுச் செய்தியோ என்று.

தனம் வரிசைக்குப் பொறுப்பானவர். பெண்களைக் கூட்டி வருகிறவர். யார் கூப்பிட்டாலும் முதலில் நிமிர வேண்டியது அவர்.

அதாவது, தலையைக் குனியச் சொல்கிற எச்சரிக்கையை, ஏற்கனவே தலை குனிந்திருந்த பெண்களுக்கு விட்டார்கள். அது அவர்களை நிமிர வைத்தது. கத்தாமல் இருந்திருந்தால் பந்து முதுகின் மேலாகப் பறந்து பின்னால் இருந்த சாலில் விழுந்திருக்கும். நான் நின்ற இடத்திலிருந்து அதன் உயரத்தைப் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மஞ்சள் ஹெல்மெட்

திருத்தணி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். திருவள்ளூருக்கு அனுப்பி ஸ்கேன் படம் எடுத்தார்கள். கன்னத்து எலும்பில் விரிசல், கண் தப்பியது. தனம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பந்தை அடித்தவர் ரமேஷ். ஆஸ்பத்திரிக்கு வந்தார். தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிர் போற மாதிரி கத்தினேன் சார்," என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை.

மறுநாள் நானும் பாவாவும் செயலாளர் முன்னால் உட்கார்ந்தோம்.

"எங்க சைடுல என்ன செய்யணுமோ அத செஞ்சிருக்கோம்," என்றார் அவர். "கத்தினாங்க. அந்தம்மா ஏன் எழுந்து நின்னாங்கன்னுதான் புரியல."

பாவா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நான் முந்திக்கொண்டேன். ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. கடலை பிடுங்கி முடிக்கிற ஞாயிற்றுக்கிழமை வரை அந்த நீள மட்டையை, டிரைவர் என்கிறார்களே, அதை மட்டும் பைக்குள் வையுங்கள் என்றேன். சின்ன மட்டையில் அரை வீச்சு, முக்கால் வீச்சு என்று இருக்கிறதே, அதுவும் இந்த ஆட்டத்தில் உள்ளதுதானே.

"ஞாயித்துக்கிழமை லாங் டிரைவ் போட்டி சார். யார் அதிக தூரம் அடிக்கிறாங்கன்னு. மெட்ராஸ்லருந்து கெஸ்ட் வராங்க. இப்போ போய் டிரைவர எடுக்காதன்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ அந்தக் கோடியிலருந்து இந்தப் பக்கம் பாத்து அடிங்க," என்றார் பாவா. "இந்தாண்ட உங்க காலி மனைதான கீது?"

செயலாளர் சுவரைக் காட்டினார். அதில் மைதானத்தின் பெரிய படம். மட்டையைத் தூக்கிய ஒருவர், அவருக்கு நேர் எதிரே, எங்கள் நிலத்துக்கு மேலே, திருத்தணி மலை.

"திருப்பினா மலை தெரியாதுங்களே."

ஒரு படத்துக்காகத்தான் அவர்கள் கிழக்கே பார்த்து நின்றார்கள். காலை வெயில் நேராகக் கண்ணில் விழும். வலைக்கு அப்பால் யார் குனிந்திருக்கிறார்கள் என்று பாதி நேரம் தெரியாது. அதையும் சொன்னேன். அவர் கூலிங் கிளாஸ் போடச் சொல்வதாகச் சொன்னார்.

அன்று மதியம் ஒரு குட்டி வண்டி வந்து வரப்பில் மஞ்சள் ஹெல்மெட்டுகளை இறக்கிவிட்டுப் போனது. கட்டட வேலைக்காரர்கள் போடுகிறவை. அக்கா ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கடலை பிடுங்குகிற மாதிரி குனிந்தார். அது முன்னால் உருண்டு சாலில் விழுந்தது. வாரை இறுக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார். கண்ணை மறைத்தது. நிமிர்ந்து, அடிபட்ட இடம் எங்கே என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அது ஹெல்மெட்டுக்கு வெளியே இருந்தது.

"கோயிக்குத் தண்ணி வெக்க ஆவும்," என்று எல்லாவற்றையும் கோழிகள் அடையும் கொட்டகைக்கு எடுத்துப் போனார்.

தனம் சொன்னது

கடலை காத்திருக்காது. ஓட்டை உடைத்து உள்பக்கம் பார்த்தால் கறுத்திருந்தது, முற்றிவிட்டது. இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியிருந்தது. புரட்டாசி முடியப் போகிறது. மாலையானால் மலைக்குப் பின்னால் மேகம் ஏறியது. முற்றிய கடலை மேல் ஒரு நல்ல மழை விழுந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். வருஷத்து உழைப்பு போய்விடும். முதல் நாள் பிடுங்கியது வரப்போர மூலை மட்டும்தான். மிச்சமெல்லாம் மண்ணில் இருந்தது.

வெள்ளிக்கிழமை தனத்தின் வீட்டுக்குப் போனோம். இடது கண் வீங்கி மூடியிருந்தது. கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பேப்பர்காரரே. பேப்பர்ல போட்டுட்டீங்களா, என் மூஞ்சிய?" வாயின் ஒரு பக்கத்தால் பேசினார். "போடறதுன்னா இந்தப் பக்கம் போடுங்க. இது நல்லா கீது."

பாவா தரையைப் பார்த்துக்கொண்டு, "கடல மொளச்சிடும் தனம்," என்றார்.

"தெரியுது நைனா. நான் இன்னா, வேணாம்னா சொல்றேன்? பொம்பளைங்க கேக்கறாங்க. இட்டுகினு போற, பந்து வந்தா இன்னா பண்ணுவேன்னு. இன்னொருத்தி கண்ணு போச்சின்னா அவ வூட்ல நான் இன்னா சொல்றது?"

"செயலாளர்கிட்ட பேசிகினுதான் இருக்கோம்."

"பேச வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடிக்கிறவங்கள்ல ஒருத்தன் வரட்டும். எங்க வரிசையில எங்கள மாதிரி குனிஞ்சிகினு நிக்கட்டும். பிடுங்கக்கூட வேணாம், நின்னா போதும். நாங்க வரோம்."

"அவன் எங்கம்மா வரப்போறான்?" என்றார் பாவா.

"வரமாட்டான்ல? அப்போ விழும்னு தெரிஞ்சிதான அடிக்கிறான்."

திரும்பும் வழியில் செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தனம் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையான அக்கறையோடு பதில் சொன்னார்.

"அது முடியாது சார். அந்த இடத்துல மெம்பர்ஸ் போறது ரிஸ்க்."

எத்தனையோ பேரின் வாயிலிருந்து எத்தனையோ வாக்கியங்களைக் கேட்டு எழுதியவன் நான். கோபத்தில் கையெழுத்து மாறிப்போவது எனக்கு வழக்கமில்லை. அன்று வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தாகத் தெரியவில்லை.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை காலை பிரதீப் பைக்கில் ஒரு வாளியோடு வந்தார். போட்டிக்குப் பந்து போதவில்லை. எங்கள் நிலத்தில் கிடப்பதைப் பொறுக்கி வரச் செயலாளர் அனுப்பியிருந்தார். வலைக்கு அந்தப் பக்கம் 'டங்', 'டங்' என்று டிரைவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் வரக்கூடாத இடத்துக்குச் சம்பளக்காரர் வரலாம் போலிருக்கிறது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். பொறுக்கத் தொடங்கவில்லை.

"அந்தம்மா சொன்னத செயலாளர் ஆஃபீஸ்ல சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாங்க," என்றார். "நான் நின்னா வருவாங்களா சார்?"

"நீ இன்னாத்துக்கு தம்பி நிக்கணும்?" என்றார் பாவா. "அடிச்சது நீயா?"

"ரமேஷ் சாருக்கு அந்தத் தூரத்தைக் குடுத்தது நான்தாங்க."

பாவா தனத்துக்குப் போன் செய்தார். அரை மணியில் ஷேர் ஆட்டோவில் பெண்கள் வந்து இறங்கினார்கள். தனமும் வந்தார், முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு. வேலை செய்ய வேண்டாமென்று டாக்டர் சொல்லியிருந்தார். வரப்பில் உட்கார்ந்து வரிசையை நடத்தினார். பிரதீப்பை வரிசைக்கு நடுவே நிறுத்தினார்.

"தொப்பிய கயட்டாத தம்பி. அங்கருந்து பாத்தா நீன்னு தெரியணும்."

அவர் அணிந்திருந்தது மைதானத்தின் சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி. நின்றால் போதும் என்று சொல்லியும் குனிந்து செடியைப் பிடித்தார். செடி கையோடு வந்தது. கடலை மண்ணிலேயே நின்றுவிட்டது.

"தூக்கி அடிக்க வருது, குனிஞ்சி புடுங்க வரலியா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். வரிசை முழுக்கச் சிரிப்பு.

"செடியோட தூரப் புடி சாமி, தலைய இஸ்துகினு இருந்தா இன்னா வரும்?"

"இடுப்ப மடிங்க கோச்சு. கால அகட்டிகினு நின்னா ராத்திரி படுக்க முடியாது."

அப்போதுதான் கவனித்தேன். 'டங்' சத்தம் நின்றிருந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் ஒவ்வொருவராக முன்னால் வந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எங்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் பிரதீப்பின் தொலைபேசி அடித்தது. மண் கையோடு எடுத்தார்.

"இங்கதான் சார் இருக்கேன்... இல்ல சார், பந்து பொறுக்கல. கடல பிடுங்கிட்டிருக்கேன்." எதிர்ப்பக்கம் நீளமாக ஏதோ சொன்னது. "இல்ல சார், நான் வரல. நீங்க அடிக்கச் சொல்லுங்க. கத்திட்டு அடிக்கச் சொல்லுங்க."

தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு அடுத்த செடியின் தூரைப் பிடித்தார். யாரும் கத்தவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அன்று வலைக்கு அந்தப் பக்கம் பந்தல், கொடிகள், ஒலிபெருக்கி, சென்னையிலிருந்து வந்த கார்கள். அறிவிப்பாளர் போட்டி சற்று நேரத்தில் தொடங்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விருந்தாளிகள் பொங்கல் வடை சாப்பிட்டார்கள். சின்ன மட்டையால் பக்கத்திலேயே தட்டி விளையாடினார்கள். முக்கால் வீச்சு, அரை வீச்சு எல்லாம் அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மதியத்துக்குள் கடைசி சாலுக்கு வந்துவிட்டோம். கடலை தப்பியது, மழை செவ்வாய்க்கிழமைதான் வந்தது, அப்போது எல்லாம் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. பிரதீப்புக்கு அடுத்த மாதம் அந்த மைதானத்தில் வேலை இல்லை. பலகை மட்டும் இன்னும் வாயிலில் இருக்கிறது; வகுப்பை வேறொருவர் எடுக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி சால் நடந்துகொண்டிருந்தபோது ரமேஷ் தனியாக வலை ஓரம் வந்து நின்றார். புதிய கையுறை போட்டிருந்தார். நான் வரப்பின் மேல் நடந்து அவருக்கு எதிரே போனேன். என் முதுகுக்குப் பின்னால், புதன்கிழமை இருந்த அதே பெண்கள், வரப்பிலிருந்து வரப்புவரை வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நடுவே ஒரு சிவப்புச் சட்டை.

"போட்டி ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன்.

ரமேஷ் என்னைப் பார்த்த பார்வையில் கேலியில்லை. கேட்கக்கூடாத ஒன்றை நான் கேட்டுவிட்டது போல முகம் சுருங்கியது.

"எப்படி சார் அடிக்கிறது?" என்றார். "அங்க ஒரு ஆள் நிக்கிறாரே."